ஹுமாயூன் கல்லறையில் யாருடைய நட்சத்திரம்? அறுமுனை வடிவம் கைமாறிய வரலாறு

டெல்லி ஹுமாயூன் கல்லறையின் முகப்பை நேராக நின்று பார்த்தால், பெரிய நுழைவளைவின் இரு மேல்மூலைகளிலும் வெள்ளைப் பளிங்கில் பதித்த ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். நடுவே ஒரு தாமரை. இஸ்ரேல் கொடியில் இருப்பதும் இதே வடிவம்தான். புராணா கிலாவின் வாயில்களிலும் இதைப் பார்க்கலாம்.

மேற்காசியாவில் போர்ச் செய்தி வரும்போதெல்லாம் இந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. முகலாயருக்கும் யூதருக்கும் ரகசியத் தொடர்பு உண்டு என்கிறது ஒரு தலைப்பு. இது ஷட்கோணம், ஆகவே இந்தக் கட்டடமே முன்பு கோயில் என்கிறது இன்னொன்று. இரண்டு கூற்றும் எதிரெதிர்த் திசையில் போனாலும் செய்யும் பிழை ஒன்றுதான்: ஒரு வடிவத்துக்கு எல்லாக் காலத்திலும் ஒரே உரிமையாளர்தான் இருக்க முடியும் என்று எடுத்துக்கொள்வது. இந்த வடிவம் மிகப் பழையது. அதற்கு யூத அடையாளம் என்ற பொருள் ஏற்பட்டு வெகுகாலம் ஆகவில்லை.

வடிவம்: கவராயம் தரும் இலவசப் பொருள்

ஒரு வட்டம் வரையுங்கள். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலேயே முள்ளை வைத்து வெட்டிக்கொண்டே போனால், சரியாக ஆறாவது வெட்டில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஆறு புள்ளிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் மேல்நோக்கி ஒரு முக்கோணம், கீழ்நோக்கி ஒரு முக்கோணம். வேலை முடிந்தது. ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பிசகின்றி வரைய இதைவிட அதிகம் மெனக்கெட வேண்டும்.

கவராயம்கூட வேண்டாம். கோலம் போடுகிறவர்கள் இடுக்குப் புள்ளி வைப்பார்கள். அதாவது மேல்வரிசைப் புள்ளிகளுக்கு இடையே கீழ்வரிசைப் புள்ளி வரும். அந்த முறையில் 1, 4, 3, 4, 1 என்று ஐந்து வரிசை வையுங்கள். மொத்தம் 13 புள்ளி. வெளிப்புள்ளிகளைச் சேர்த்தால் நட்சத்திரம். பதிமூன்றாவது புள்ளி நடுவில் நிற்கும். இந்த 13 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஓரிடத்தில் தேவைப்படும்.

மூங்கில் பிளாச்சுகளை மூன்று திசைகளில் ஓடவிட்டுக் கண்ணி வைத்துக் கூடை பின்னினாலும், ஒவ்வொரு கண்ணையும் சுற்றி இதே நட்சத்திரம் தானாக விழும். ஜப்பானியர் அந்தப் பின்னலைக் ‘ககோமே’, அதாவது கூடைக்கண் என்று அழைத்து, குடும்பச் சின்னங்களிலும் துணிகளிலும் பயன்படுத்தினார்கள். அவர்கள் யாரிடமிருந்தும் அதைக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, ஒரே வடிவம் இரண்டு நாட்டில் இருப்பது தொடர்புக்குச் சான்று ஆகாது. எளிய வடிவங்கள் தனித்தனியாகப் பிறக்கும்.

நான்கு பெயர்கள், நான்கு பொருள்கள்

குழப்பத்தில் பாதி, பெயர்களைக் கலப்பதால் வருகிறது.

1. அறுமுனை நட்சத்திரம்: வெறும் வடிவியல் பெயர். எந்த மதமும் இதில் இல்லை.

2. தாவீதின் நட்சத்திரம்: எபிரேயத்தில் ‘மாகேன் தாவீத்’. உண்மையில் இதன் பொருள் நட்சத்திரம் அல்ல, தாவீதின் கேடயம். விவிலியத்தில் தாவீது அரசன் இப்படியொரு சின்னத்தைத் தாங்கியதாக எங்கும் இல்லை. யூத வழிபாட்டு வாசகங்களில் ‘தாவீதின் கேடயம்’ என்பது கடவுளைக் குறிக்கும் தொடர். அது பிற்காலத்தில்தான் இந்த வடிவத்துக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

3. சாலொமோனின் முத்திரை: தாவீதின் மகன் சாலொமோன், இஸ்லாமிய மரபில் நபி சுலைமான். ஜின்களை அடக்கிய மோதிரம் அவரிடம் இருந்தது என்பது கதை. அந்த மோதிரத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் வடிவம், சில இடங்களில் ஐந்துமுனை, சில இடங்களில் ஆறுமுனை. யூதர், கிறித்தவர், இஸ்லாமியர் மூவரும் இதைக் காப்புச் சின்னமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

4. ஷட்கோணம்: இந்திய யந்திர மரபின் பெயர். மேல்நோக்கிய முக்கோணம் சிவம் அல்லது நெருப்பு, கீழ்நோக்கியது சக்தி அல்லது நீர் என்பது வழக்கமான விளக்கம்.

யூதர்களின் பழைய சின்னம் விளக்கு

பண்டைய யூதர்களின் அடையாளம் எது என்று கேட்டால் கல்லே பதில் சொல்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை இடித்த ரோமானியர், அந்த வெற்றியைக் கொண்டாடி ரோம் நகரில் டைட்டஸ் வளைவை எழுப்பினார்கள். அதன் உட்புறச் சிற்பத்தில் ரோமப் படையினர் தோளில் சுமந்து வருவது ஏழு கிளை விளக்கு, மெனோரா. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைக் ‘குத்துவிளக்கு’ என்றே சொல்கிறது. நல்ல சொல்தான், ஆனால் நம் வீட்டுக் குத்துவிளக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் உருவம் பிடிபடாது.

அறுமுனை நட்சத்திரமும் பழைய யூதக் கட்டடங்களில் உண்டு. கலிலேயாக் கடற்கரையில் உள்ள கப்பர்நகூம் ஜெப ஆலயத்தின், அதாவது யூத வழிபாட்டுக்கூடத்தின், சுண்ணாம்புக் கல் சிற்பங்களில் அது செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டடம் கி.பி. 4-5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பரவலான கருத்து. ஆனால் அதே சிற்ப வரிசையில் ஐந்துமுனை நட்சத்திரமும் இருக்கிறது. இலை, கொடி, பழங்களும் இருக்கின்றன. எல்லாமே அலங்காரம். எங்கேதி என்ற ஊரின் பழைய ஜெப ஆலயத் தரையிலோ ஸ்வஸ்திக வடிவமே பதிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் அந்த ஆலயத்தை வேறு மதத்தாருக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்த கட்டம் ஏடுகள். முழுமையாகக் கிடைத்துள்ள எபிரேய விவிலியப் பிரதிகளில் மிகப் பழையது, கெய்ரோவில் 1008 வாக்கில் எழுதப்பட்டு இப்போது ரஷ்யாவில் இருக்கும் ‘லெனின்கிராட் ஏடு’. அதில் கம்பளம் விரித்தாற்போன்ற அலங்காரப் பக்கங்கள் சில உண்டு. ஒன்றில் பெரிய அறுமுனை நட்சத்திரம். அதன் கோடுகளாகவே எழுத்துகள் ஓடுகின்றன, எழுதியவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. இடைக்காலத்தில் வாசல் நிலையில் பொருத்தும் ‘மெசூசா’ தோல்சுருள்களிலும் தாயத்துகளிலும் இந்த வடிவம் வந்தது. வேலை, தீயதை விரட்டுவது. நம் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் பொருளுக்கு என்ன வேலையோ அதுதான்.

பிராக் நகரம் செய்த வேலை

அலங்காரமாகவும் தாயத்தாகவும் இருந்த வடிவம் ஒரு சமூகத்தின் சின்னமாக மாறியது பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பிராக் நகரில். 1354இல் நான்காம் சார்லஸ் மன்னர் அந்நகர யூதர்களுக்குத் தனிக்கொடி பிடிக்கும் உரிமை தந்தார் என்பது அந்நகர மரபு. சிவப்புக் கொடி, அதில் அறுமுனை நட்சத்திரம். பிராக்கின் பழைய-புதிய ஜெப ஆலயத்தில் அப்படியொரு கொடி இன்றும் தொங்குகிறது. நட்சத்திரத்துக்கு நடுவே யூதர்கள் அந்நாளில் அணிந்த கூம்புத் தொப்பி.

பிறகு அச்சுக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. 1512 முதல் பிராக்கில் வெளிவந்த எபிரேய நூல்களில் இது அச்சகத்தின் முத்திரைபோல இடம்பெற்றது. நூல்கள் போன ஊருக்கெல்லாம் நட்சத்திரமும் போனது. 1613இல் இறந்த வானியலாளரும் வரலாற்றாசிரியருமான தாவீது கான்ஸின் கல்லறைக் கல் பிராக் பழைய யூத இடுகாட்டில் இருக்கிறது. அதில் ஒரு வாத்து, ஒரு நட்சத்திரம். ‘கான்ஸ்’ என்றால் ஜெர்மனில் வாத்து; ‘தாவீது’ என்பதற்கு நட்சத்திரம். பெயரையே படமாக எழுதியிருக்கிறார்கள். அதாவது 1613 வாக்கில் அந்த ஊரில் இந்த வடிவத்தைக் கண்டவுடன் தாவீது என்ற பெயர் நாவில் வந்திருக்கிறது.

1656இல் வியன்னாவில் நட்ட ஓர் எல்லைக்கல் இன்னும் தெளிவு. கிறித்தவர் பகுதியையும் யூதர் பகுதியையும் பிரித்த அந்தக் கல்லில் ஒருபுறம் சிலுவை, மறுபுறம் அறுமுனை நட்சத்திரம். சிலுவைக்கு இணையான சின்னமாக அது நிறுத்தப்பட்டுவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்களுக்குக் குடியுரிமை கிடைக்கத் தொடங்கியது. சந்துக்குள் ஒளிந்திருந்த ஜெப ஆலயங்கள் பெருந்தெருவைப் பார்த்து உயர்ந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்படி, சிலுவை அளவுக்கு எளிமையாக ஒரு குறி தேவைப்பட்டது. விளக்கை வரைவது சிரமம், நட்சத்திரம் சுலபம். யூத மறைஞான ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம் இந்தப் பரவலை இப்படித்தான் விளக்குகிறார்: உள்ளிருந்து எழுந்த ஆன்மிகத் தேவையைவிட, கிறித்தவச் சூழலில் ஓர் இணைக்குறி வேண்டும் என்ற எண்ணம்தான் முந்தி நின்றது. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது.

1896இல் தியோடர் ஹெர்சல் யூத நாட்டுக்கு முன்மொழிந்த கொடியில் ஏழு பொன் நட்சத்திரங்கள் இருந்தன. ஏழு மணிநேர வேலைநாளைக் குறிக்க. அந்த யோசனை எடுபடவில்லை. யூதருக்குத் தனிநாடு கோரிய இயக்கத்துக்குச் சியோனிசம் என்று பெயர். 1897இல் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாட்டுக்கு தாவீது வுல்ஃப்ஸன் வேறொரு கொடியைக் கொண்டுவந்தார். யூத ஆண்கள் தொழுகையின்போது போர்த்தும் ‘தல்லித்’ சால்வையின் வெள்ளை, அதன் நீலக்கரை, நடுவில் நட்சத்திரம். 1948 அக்டோபர் 28இல் அதுவே இஸ்ரேலின் கொடி ஆனது. ஆனால் 1949இல் அரசு முத்திரைக்குத் தேர்ந்தெடுத்தது நட்சத்திரத்தை அல்ல. டைட்டஸ் வளைவில் உள்ள அதே விளக்கை.

மஞ்சள் துணி

இடையில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வடிவத்தின் இன்றைய எடையைப் புரிந்துகொள்ள முடியாது. 1939 நவம்பரில் போலந்தின் ஆக்கிரமிப்புப் பகுதியில், நீல நட்சத்திரம் பொறித்த வெள்ளைக் கைப்பட்டையை யூதர்கள் அணிய வேண்டும் என்று நாஜி நிர்வாகம் ஆணையிட்டது. 1941 செப்டம்பர் 19 முதல் ஜெர்மனியில் ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு யூதரும் உள்ளங்கை அளவு மஞ்சள் நட்சத்திரத்தை இடது மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும். நடுவே ‘யூதே’ என்று, எபிரேய எழுத்தைக் கேலி செய்யும் சாயலில் எழுதியிருக்கும். பிரான்ஸில் 1942 ஜூனில் ஆளுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார்கள். இலவசம் அல்ல, துணி ரேஷன் அட்டையில் ஒரு புள்ளியைக் கழித்துக்கொண்டார்கள்.

யூத ஓவியர் ஃபெலிக்ஸ் நுஸ்பௌம் 1943 வாக்கில் தலைமறைவாக இருந்தபோது வரைந்த தன்னுருவப் படத்தில் அந்தத் துணித்துண்டு இருக்கிறது. மேற்சட்டையின் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மதில் மூலையில் நின்றபடி, ஒரு கையில் அடையாள அட்டையை நம் பக்கம் நீட்டுகிறார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அதே ஷோலெம் சொன்னது: சியோனிசக் கொடியால் தர முடியாத புனிதத்தை இந்த வடிவத்துக்குத் தந்தது, அதை அணிந்துகொண்டு சாவை நோக்கி நடந்தவர்கள்தான்.

2001இல் திறந்த பெர்லின் யூத அருங்காட்சியகம் இந்த நினைவைக் கட்டடமாகவே ஆக்கியது. டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த அந்தக் கோணல்மாணலான கட்டடத்தை வானத்திலிருந்து பார்ப்பவர்கள், உடைத்து நீட்டிய தாவீது நட்சத்திரம் என்று சொல்வது வழக்கம்.

அதே வடிவம், வேறு வீடுகள்

இஸ்லாமிய உலகில் இது சுலைமானின் முத்திரை. ஓட்டோமான் கடற்படைத் தளபதி ஹைருத்தீன் பார்பரோசாவின் 16ஆம் நூற்றாண்டுக் கொடி இஸ்தான்புல் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது: குர்ஆன் வாசகம், இரட்டை முனை வாள், கீழே அறுமுனை நட்சத்திரம். 19ஆம் நூற்றாண்டு மொராக்கோவின் செப்புக் காசுகளிலும் இதுவே முகம். நீதிமானான அரசனைச் சுலைமானோடு ஒப்பிடுவது பாரசீக மரபு. ஹுமாயூன் கல்லறையைக் கட்டிய மீரக் மிர்சா கியாஸ் அந்த மரபிலிருந்து வந்தவர். வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டே சுவர் முழுக்க நிரப்பும் கைக்கு, அறுமுனை நட்சத்திரம் அன்றாடச் சரக்கு. 1570 வாக்கில் டெல்லியில் அதைப் பதித்த கல்தச்சனுக்கு, வடிவம் என்ற அளவில், பிராக் அச்சகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபுளோரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயக் கதை வேறு. அங்கே முகப்பின் உச்சியில் பெரிய நட்சத்திரம் இருக்கிறது. தேவாலயம் இடைக்காலத்தது என்றாலும் முகப்பு 1863இல் முடிந்தது. அதை வடிவமைத்த நிக்கோலோ மாத்தாஸ் ஒரு யூதர். இங்கே சந்தேகிப்பவர்கள் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு: காலம் 19ஆம் நூற்றாண்டு, கை ஒரு யூதக் கட்டடக் கலைஞருடையது.

பவேரியாவின் மேல்-பலாட்டினேட் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் இந்த நட்சத்திரம் தொங்கினால், உள்ளே பீர் தயார் என்று பொருள். ‘சொய்கல்’ நட்சத்திரம் என்பார்கள். ஊர்ப் பொது அடுப்பில் காய்ச்சி, அவரவர் வீட்டில் நொதிக்கவைத்து, முறைவைத்து விற்பார்கள். ஒரு முக்கோணம் நெருப்பு, நீர், காற்று. மற்றது நீர், மால்ட், ஹாப்ஸ் என்று விளக்கம் சொல்வார்கள். ஈஸ்ட் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது என்ன செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. நியூரம்பெர்க்கில் 1425 வாக்கில் வரைந்த பீர் காய்ச்சுபவர் படம் ஒன்றிலும் தலைக்கு மேல் இதே நட்சத்திரம் தொங்குகிறது.

பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவின் ஓட்டைப் பென்னிகளில் ஓட்டையைச் சுற்றி அறுமுனை நட்சத்திரம் உண்டு. நைஜீரியா 1959இல் வெளியிட்ட பென்னியிலும் அது தொடர்ந்தது. அமெரிக்க ஒரு டாலர் நோட்டைத் திருப்பிப் பாருங்கள்: கழுகின் தலைக்கு மேல் 13 சிறு நட்சத்திரங்கள், 1, 4, 3, 4, 1 என்ற வரிசையில். நம் இடுக்குப் புள்ளிக் கணக்குத்தான். 13 என்பது தொடக்க மாநிலங்களின் எண்ணிக்கை. 13 பொருளைச் சீராக அடுக்க இது கைக்கு எட்டும் முதல் வடிவம். இதற்குப் பின்னால் சதி தேடும் காணொளிகளுக்குக் குறைவில்லை.

நம் பக்கம்: மூன்று இடம், மூன்று பொருள்

கந்த சஷ்டியிலும் கிருத்திகையிலும் முருகன் படத்துக்கு முன் ஷட்கோணக் கோலம் போட்டு, ஆறு முனைகளில் ச, ர, வ, ண, ப, வ என்று எழுதி, ஆறு அகல் ஏற்றுவது தமிழ் வீடுகளில் வழக்கம். ஆறெழுத்து, ஆறுமுகம், ஆறு கார்த்திகைப் பெண்கள். இந்தப் பொருள் முழுக்க இங்கேயே விளைந்தது.

சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் சின்னத்திலும் அறுமுனை நட்சத்திரம் உண்டு. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தச் சபை 1882இல் அடையாறுக்கு வந்தது. வாலைக் கவ்விய பாம்புக்குள் நட்சத்திரம், அதற்குள் எகிப்தின் ‘ஆங்க்’ என்ற வளையத்தலைச் சிலுவைக் குறி, மேலே ஸ்வஸ்திகமும் ஓம் எழுத்தும். வேண்டுமென்றே பல மதக் குறிகளைச் சேர்த்த சின்னம் இது. இதில் உள்ள நட்சத்திரத்தை ஒரே மதத்துக்கு ஒதுக்கினால் சபையின் நோக்கமே கெட்டுவிடும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் கதை நேர். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கும் யூதத் தெருவில், வீட்டு ஜன்னல் கம்பிகளில் வளைத்திருப்பது தாவீதின் நட்சத்திரமேதான்.

ஒரு படம் வந்தால் கேட்க வேண்டியவை

1. எந்த ஆண்டு? 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய கட்டடம் என்றால், மத்திய ஐரோப்பாவுக்கு வெளியே அது யூத அடையாளமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

2. பக்கத்தில் என்ன இருக்கிறது? தாமரையும் கொடியும் சூழ்ந்திருந்தால் அலங்காரம். மந்திர எழுத்து இருந்தால் காப்பு. தனியாக, கதவுக்கு மேல் நடுவில் இருந்தால் சின்னம்.

3. உண்மையில் முக்கோணம்தானா? ஆம்புலன்ஸில் உள்ள நீல ஆறு கிளைக் குறி, மூன்று பட்டைகளைக் குறுக்கே வைத்தது. அமெரிக்காவில் 1970களில் உருவானது. பழைய எருசலேமின் எலும்புப் பேழைகளில் உள்ள ஆறிதழ்ப் பூவும் இது அல்ல. ஸ்ரீசக்கரமும் அல்ல, அதில் ஒன்பது முக்கோணங்கள்.

பொருள் மாறினால் சட்டமும் மாறும்

ஒரு சின்னம் யாருடையது என்ற கேள்வி சர்வதேசச் சட்டத்தையே பல பத்தாண்டு திணறடித்திருக்கிறது. இஸ்ரேலின் அவசர மருத்துவ அமைப்பு ‘மாகேன் தாவீத் அதோம்’, 1930இல் தொடங்கியது. பெயரின் பொருள் தாவீதின் சிவப்புக் கேடயம். போர்க்களத்தில் மருத்துவ வண்டிகளைக் காக்கும் குறியாகச் செஞ்சிலுவையையும் செம்பிறையையும் ஜெனீவா ஒப்பந்தங்கள் ஏற்றிருந்தன. 1949இல் சிவப்பு நட்சத்திரத்தையும் சேர்க்க இஸ்ரேல் கேட்டது, மறுக்கப்பட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குறியைச் சேர்த்துக்கொண்டே போனால், தூரத்திலிருந்து பார்க்கும் படைவீரனுக்கு எதைச் சுடக்கூடாது என்பதே தெரியாமல் போகும் என்பது எதிர்வாதம்.

கடைசியில் 2005 டிசம்பரில் மூன்றாம் கூடுதல் நெறிமுறை ஏற்கப்பட்டது. எந்த மதத்தையும் நாட்டையும் நினைவூட்டாத ஒரு வடிவத்தைத் தேடி, முனையில் நிற்கும் சிவப்புச் சதுரச் சட்டத்தைத் தேர்ந்தார்கள். அதற்குச் ‘செம்படிகம்’ என்று பெயர். 2006இல் இஸ்ரேலிய அமைப்பு சர்வதேசச் செஞ்சிலுவை-செம்பிறை இயக்கத்தில் சேர்ந்தது. இப்போது உள்நாட்டில் அதன் வண்டிகள் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் தாங்கி ஓடலாம். வெளிநாட்டுப் பணிக்குப் போகும்போது, அந்த நட்சத்திரம் செம்படிகத்தின் சட்டத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும்.